லித்தர் ஆற்றில் ஒரு பகற்பொழுது

மீன்பிடித்தல் என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் நெய்தல் நிலமும் பரதவர் வலையுமே முன்வந்து நிற்கும். தூண்டிலும் நமக்குப் புதியதன்று. சூதில் கைவரும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆயின் மண்புழு எதுவுமின்றி, இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ ஒன்றை முள்ளில் கட்டி, பாய்ந்தோடும் மலையாற்றில் மீனை ஏமாற்றும் கலை ஒன்று உண்டு என்பதை நாங்கள் மூவரும் 2014ஆம் ஆண்டு ஜூன் திங்களில், காஷ்மீரத்துப் பஹல்காமில்தான் கண்டோம்.

மூவருள் ஒருவர் வரலாற்றுத் துறையினர், உருது அறிந்தவர். ஏனைய இருவரும் தமிழ்த்துறையினர். பாடத்திட்டம் பற்றிய ஒரு பூசலால் தமிழ்த்துறையினர் இருவரும் ஆறு திங்களாகப் பேசிக்கொள்வதில்லை. அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்துகொண்டே, வருகைப் பதிவேடு வேண்டும் என்பதைக்கூட அலுவலக உதவியாளர் வழியாகச் சொல்லியனுப்பிய காலம் அது. இப்போது எழுதுவதற்கே நாணமாக உள்ளது. வரலாற்றுப் பேராசிரியர் இருவரிடமும் தனித்தனியே பயணச் செலவைப் பெற்றுக்கொண்டு, மற்றவர் வருவதைக் கூறாமலே தொடர்வண்டி நிலையத்திற்கு வரவழைத்துவிட்டார்.

கொலஹாய்ப் பனியாற்றிலிருந்து வரும் நீரும் சேஷநாக் ஏரியின் பக்கமிருந்து வரும் நீரும் பஹல்காமில் கூடி, லித்தர் என்னும் பெயருடன் கீழிறங்கி ஜீலத்தில் கலக்கின்றன. அதில் வாழும் பழுப்பு டிரவுட், அம்மண்ணுக்கு வந்தேறிய மீன். 1899இல் பிரிட்டனிலிருந்து அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு வந்தவையே பிழைத்துப் பெருகின. மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்று, ஆற்றில் குறித்துத் தரும் பகுதியில் மட்டுமே தூண்டில் வீசலாம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் உள்ளூர் இளைஞர். அவர் முதலில் தூண்டிற்கோலைக் கையில் தரவில்லை; அரைமணி நேரம் ஆற்றைப் பார்க்கச் சொன்னார். ஓர் ஆறு என்று நாங்கள் எண்ணியிருந்தது உண்மையில் பல ஓட்டங்களின் கூட்டம். நடுவில் நுரைத்துப் பாயும் நீர். அதன் அருகே பாறையின் பின்னே மெல்ல உருளும் நீர். கரையோரம் எதிர்த்திசையில் திரும்பிச் செல்லும் நீர். விரைந்த நீரும் மெல்லிய நீரும் உரசும் கோட்டில், ஓட்டத்திற்கு எதிர்முகமாகத் தலைவைத்து டிரவுட் காத்திருக்கும். விரைநீர் இரையைக் கொண்டுவந்து தரும். மென்னீரில் நிற்பதால் மீனுக்கு உழைப்பும் குறைவு.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஈ மென்னீரில் விழுகிறது. கயிறோ நடுவிலுள்ள விரைநீரின்மேல் கிடக்கிறது. மறுகணமே கயிறு வில்லாக வளைந்து ஈயைத் தரதரவென இழுக்க, நீர்மேல் ஒரு கீற்று விழும். உயிருள்ள பூச்சி அவ்வாறு ஓடாது; மீன் அறிந்துகொள்ளும். ஆதலின் ஈ விழுந்தவுடன் மணிக்கட்டைச் சற்றே சுழற்றி, கயிற்றை மட்டும் தூக்கி ஓட்டத்தின் மேற்பக்கமாக இடவேண்டும். "ஈ தன் போக்கில் போகட்டும், சாப்; நீங்கள் பிடித்திருப்பது அதற்குத் தெரியக் கூடாது" என்றார் இளைஞர். நாற்பது முறை வீசியிருப்போம். முப்பத்தொன்பது முறை கீற்று விழுந்தது. மிஞ்சிய ஒரு முறை வந்த மீன் விரலளவே இருந்ததால் நீரிலேயே விட்டோம்.

அந்நீரிலேயே ஒளுச் செய்து லுஹர் தொழுதபின், எங்களுள் ஒருவர் ஆற்றிடைக் கூழாங்கல் திட்டுக்கு மீண்டும் சென்றார். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த நீர் அது. வெயில் ஏறப் பனி உருகும். பனியாற்று நீர் பிற்பகலில் பெருகும். கயிற்றிலேயே கண்ணாயிருந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. திரும்ப முனைந்தபோது திட்டின் பாதி மறைந்திருந்தது. நீர் தொடையைத் தொட்டது. காலடிக் கற்கள் உருண்டன. இளைஞர் கத்திக்கொண்டே இறங்கினார். தனியாள் போதாதென்று கை காட்டியவுடன், ஆறு திங்களாகப் பேசாத மற்றவர், காலணியைக்கூடக் கழற்றாமல் இறங்கிவிட்டார். மூவரும் முழங்கைகளைக் கோத்து, மேல்நீரை நோக்கியபடி, ஒருவர் கால் ஊன்றிய பின்னரே அடுத்தவர் காலெடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து கரை சேர்ந்தார்கள். தூண்டிற்கோல் போயிற்று.

"செருப்பு நனைந்துவிட்டதே, ஐயா" என்றார் மீண்டவர்.

"உங்களுக்கு நீந்தவும் தெரியாதே, ஐயா" என்றார் மற்றவர்.

அதற்குமேல் அன்று பேச முடியவில்லை. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. திட்டிற்குப் போனவர் யார் என்பதை எங்கள் மாணவர் இன்றளவும் கேட்கின்றனர். சொல்வதாக இல்லை. கோலின் விலையை இருவரும் தனித்தனியே நீட்ட, இளைஞர் ஒருவரிடம் மட்டும் பாதியைப் பெற்றுக்கொண்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் காஷ்மீரத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. தொலைபேசித் தொடர்புகள் அற்றன. துறை அறையில் இருவரும் மாறிமாறி அவ்வெண்ணை அழைத்துக்கொண்டே இருந்தோம். பல நாள் கழித்து, வரலாற்றுப் பேராசிரியரின் செவியில்தான் அவர் குரல் கேட்டது. வீட்டில் அனைவரும் நலம். தூண்டிற்கோல்கள் வைத்திருந்த கொட்டகையை மட்டும் ஆறு கொண்டுபோயிற்று என்றார்.