பினாங்குப் பட்டறையில் ஒரு பழைய மோரிஸ்

பினாங்கு என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? தண்ணீர்மலைத் தைப்பூசம், கொடிமலை ரயில், கடற்கரைச் சாப்பாடு என்று அடுக்குவீர்கள். இம்முறை நான் உங்களை அழைத்துப் போவது எண்ணெய் நாற்றம் வீசும் ஒரு மோட்டார் பட்டறைக்கு!

பட்டர்வர்த்திலிருந்து பெர்ரியில் போவோம். கார்களைச் சுமந்து வந்த பழைய பெர்ரிகள் 2021-இல் ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது ஆட்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும்தான் இடம். கரையேறி, 1833-இல் எழுந்த குயீன் ஸ்திரீட் மகா மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சற்றுத் தூரம் நடந்தால் சந்துக்குள் அந்தப் பட்டறை. தவுக்கே ஒரு சீனர். வேலை செய்பவன் நம் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன். அவன் கையிலிருந்தது, தோட்டத்துப் பெரிய கிராணி ஒருவர் ஒரு காலத்தில் ஓட்டிய மோரிஸ் மைனர்.

இந்தக் காரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948-இல் வெளிவந்தது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். கிராணியின் பேரன் இப்போது அதைப் புதுப்பிக்கிறார். வெளிப்பூச்சு முடிந்துவிட்டது. பானெட்டைத் திறந்தால்தான் சங்கடம்: கறுத்த எண்ணெய்ப் பிசுக்கும் துருவும், யாரோ அவசரத்தில் பூசிய வெள்ளிச் சாயமும்.

"எல்லாவற்றையும் பளபளவென்று கறுப்படித்துவிடு" என்பது பேரனின் கட்டளை. பையன் தயங்கினான். "ஐயா, கொஞ்சம் பாருங்க" என்று பேட்டரித் தட்டைக் கழற்றிக் காட்டினான். வெயிலும் சாயமும் படாத அந்த இடத்தில் கார் பிறந்தபோது பூசிய இளம்பச்சை அப்படியே இருந்தது. மைனரின் எஞ்சின் அறைக்கும் உடலுக்கும் ஆலையில் ஒரே நிறம்தான். எஞ்சினுக்கு மட்டும் தனியாக ஒரு கரும்பச்சை. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா காலத்து நிறத்தையே அடி" என்றார்.

வேலை எப்படி நடக்கிறதென்று சொல்கிறேன். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். காரின் உடலோடு சேர்ந்த முனையை முதலில் அவிழ்ப்பதுதான் முறை. இன்றைய கார்களில் அது எதிர்முனை. இந்தக் காரில் நேர்முனை. தெரியாமல் கை வைத்தால் தீப்பொறி பறக்கும். கார்புரேட்டரையும் டைனமோவையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுகிறார்கள். பேட்டரித் தட்டில் ஒழுகிய அமிலத்தைச் சோடா உப்புக் கரைசலால் முறிக்கிறார்கள். கித்தாப்பாலை உறைய வைக்கும் அசிட் வாளியை அரிப்பதைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு பிசுக்கை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எடுப்பது. பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ரப்பர் குழாய்களில் மண்ணெண்ணெய் படாமலும் பார்த்துக்கொள்கிறான். நம் பால்மரத்து ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறினால் உப்பிவிடும். நாம் வெட்டிய பால்தான் இந்தக் குழாயோ என்று கேட்டேன். சிரித்தான்.

எனக்குக் கவலை தந்தது அடுத்த கட்டம். பழைய சாயங்களில் ஈயம் இருக்கும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி நெஞ்சுக்குள் போகும். சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தைவரை வரும். பையனுக்கு இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறான், முகமூடியும் போடுகிறான். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே துவைத்துவிடுகிறான். உங்கள் பிள்ளைகள் பட்டணத்துப் பட்டறைகளில் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோமே!

சாயம் அடிக்க அவன் மழையில்லாத நாளாகப் பார்த்து, வெயில் ஏறிய பிறகுதான் தொடங்குகிறான். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்துவிடும். கடற்காற்றின் ஈரம் அதில் படிந்தால் சாயம் வெளுத்துப் பூத்துவிடும். மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிக்கிறான். புகை வெளியேறும் குழாய்க்குச் சாதாரணச் சாயம் உதவாது, சூட்டில் பொரிந்து உதிரும்.

எதைத் துடைப்பது, எதை விடுவது என்று யோசித்தபடியே மாலையில் கர்னி டிரைவ் பக்கம் நடந்தேன். அங்கே சாப்பிடுபவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நினைக்கிறார்கள்? பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6-இல் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய ரோல்ஸ்-ராய்ஸ் பார்க்குவார் ஸ்திரீட் அரும்பொருளகத்தில் பல ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தது. அது 1948-இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட கதையைப் பாட்டிமாரிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட காரில் ஒரு குண்டுத் துளையைப் புட்டி வைத்து அடைத்தால் மிஞ்சுவது விலையுயர்ந்த வண்டி மட்டும்தான்.

கிராணியின் மைனரில் குண்டும் இல்லை, துளையும் இல்லை. இரண்டு எண்கள் உண்டு. அடித்தள எண் எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆணி அடித்த தகட்டில் இருக்கிறது. எஞ்சின் எண் டைனமோவுக்கு மேலே. பெயர் மாற்றச் சோதனையில் இரண்டையும் பார்ப்பார்கள். சாயத்தில் மூழ்கி எழுத்துத் தெரியாமல் போனாலோ, தேய்த்து அழித்தாலோ, காருக்குச் சொந்தக்காரர் என்று நிரூபிக்கவே பாடுபட வேண்டும். பையன் இரண்டையும் முன்பே ஒட்டுத்தாளால் மூடியிருந்தான். மறுநாள் பச்சை காய்ந்ததும் தாளை உரித்தான். பேரன் பதிவு அட்டையைப் பிடித்துக்கொள்ள, அவன் ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தான். கடைசி எண்வரை சரியாக இருந்தது.