மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் சாந்திபுரத்தில் கறுப்பு வேட்டிகள் கண்ணில் படும். சித்தப்பாவும் வருடாவருடம் மாலை போடுவார். விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல். 41 நாளும் பீடியைத் தொடமாட்டார். சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பீடி வந்துவிடும்.

அவருக்கு மனஉறுதி போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. 41 நாள் இருந்தவர்தானே! அந்த நாட்களில் ஊரே அவரைச் 'சாமி' என்றது. சாமி பீடி பிடிப்பாரா? மாலையோடு அந்தப் பெயரும் இறங்கிவிடுகிறது.

பழக்கம் ஒன்று நிலைக்க 41 நாள் போதுமா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை 96 பேரை வைத்து ஆராய்ந்து, முடிவை 2009இல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் தவறினாலும் பெரிய பாதகமில்லையாம். எனக்கு அது பெரிய ஆறுதல்.

போன தை மாதம் அவர் மாலை கழற்றியபோது, "இனிமேலும் உங்களைச் சாமின்னே கூப்பிடறேன் சித்தப்பா" என்றேன். சிரித்தார். மாசியில் ஒருநாள் பீடி பிடித்தார். மறுநாளும் சாமி என்றே கூப்பிட்டேன். அதன்பிறகு பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டுச் சாமி மாலை கழற்றினாலும், கூப்பிடுவதை நிறுத்திவிடாதீர்கள்.