வரிசையும் வேற்றுமையும்

உல்லாஸ்நகரில் முகவரியை எண்ணால் சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து இராணுவ முகாம், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளின் குடியிருப்பாகி, 1949இல் இப்பெயர் பெற்றது. ‘கேம்ப் மூன்று’, ‘கேம்ப் நான்கு’ என்னும் வழக்கு இன்றும் நீங்கவில்லை. அங்கொரு சிறு பட்டறையில், தாராவியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற இளைஞர் ஒருவர் லினக்ஸில் இயங்கும் கருவிகளுக்கு டிரைவர் எழுதுகிறார்.

விலை குறைந்த மின்வழங்கிச் சில்லு ஒன்றுக்கு மாறியதும், கருவிகளின் தொடுதிரை உயிரிழந்தது. கெர்னலுக்குள் சேர்த்துக் கட்டப்பட்ட டிரைவர்கள் ‘இனிட்கால்’ எனும் படிநிலைகளின்படி எழுகின்றன. ஒரே படியில் நிற்பவற்றுள் முந்துவது எது என்பதை மேக்ஃபைலில் பெயர் இடம்பெற்ற வரிசை தீர்மானிக்கிறது. புதிய சில்லின் டிரைவர் பின்னால் நின்றது. தொடுதிரை விழித்து மின்சாரம் கேட்டபோது, கொடுக்க ஆளில்லை.

அவர் தொடுதிரையைக் கடைசிப் படிக்குத் தள்ளினார். திரை ஒளிர்ந்தது. “சரியாகிவிட்டது” என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டார். அடுத்த வாரம், மின்வழங்கியின் டிரைவர் தனி மாட்யூலாகப் பிரிக்கப்பட்டது. அது கடைசிப் படிக்கும் பிறகே ஏறும். திரை மீண்டும் இருண்டது.

இனிட்கால் டீபக் பதிவை இரவெல்லாம் படித்தபோதுதான் பிழை பிடிபட்டது. தேடிய மின்வழங்கி இன்னும் வராதபோது கெர்னல் மைனஸ் 517 என்று விடை தருகிறது: ‘பிறகு வா’ என்பது அதன் பொருள். 2012 முதல் லினக்ஸில் உள்ள ஏற்பாடு இது. டிரைவர் அவ்விடையை அப்படியே திருப்பியளித்தால், வேறொரு கருவி எழுந்ததும் கெர்னல் அதை மறுபடி அழைக்கும். இவரது டிரைவரோ எந்தப் பிழையையும் மைனஸ் 19 ஆக்கி, ‘கருவியே இல்லை’ என்று கைவிரித்தது. திருத்தம் ஒரே வரி.

‘தம்பி கதவைத் திறந்தான்’, ‘கதவைத் தம்பி திறந்தான்’ — சொற்கள் இடம் மாறினும் திறந்தவன் தம்பியே. உறவை உருபு சுமக்கிறது. உருபு தேய்ந்த மொழிகளில் அச்சுமை வரிசையின் தலையில் ஏறுகிறது. மேக்ஃபைலின் வரிசையும் அத்தகையதே: எது எதைச் சார்ந்தது என்பது அதில் எங்கும் எழுதப்படுவதில்லை. டிவைஸ் ட்ரீ அதை எழுதுகிறது. இத்திரைக்கு மின்சாரம் இச்சில்லிலிருந்து என்று பெயர்சுட்டிச் சொல்கிறது. கூகுளின் சரவண கண்ணன் உருவாக்கிய எஃப்டபிள்யூ டெவ்லிங்க், அச்சுட்டுகளை முன்கூட்டியே படித்து, வழங்குவது எழும்வரை பெறுவதைக் காத்திருக்க வைக்கிறது. பட்டறையில் இருந்ததோ அதற்கு முந்தைய கெர்னல்.

ஒரு வேலை மிஞ்சியிருந்தது. முதல் திருத்தத்துடன் சில கருவிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தன. அவை இன்று இயங்கும். அடுத்த மென்பொருள் மாற்றத்தில் இருளும். யாரும் கேட்கவில்லை, சொல்லாமல் விட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை.

காலையில் பட்டறை திறந்ததும் அவர் முதலாளியிடம் சென்றார். “சேட், போன வாரம் சரியாகிவிட்டது என்றேனே, அது சரியாகவில்லை” என்றார்.