சத்தம் எங்கே போச்சு?

டிஸ்கி: இது பி.காம். படிக்கும் ஒருவன் எழுதும் எலெக்ட்ரானிக்ஸ் பதிவு. ஈ.சி.ஈ. நண்பர்கள் பொறுத்தருள்க. சால்டரிங் அயர்னைத் தொட வேண்டிய வேலை எதுவும் இதில் கிடையாது.

எங்கள் வகுப்பில் யாருடைய போனில் சத்தம் வராவிட்டாலும் அந்தப் போன் எப்படியோ என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. "மச்சி, இயர்பட்ஸ் ஒரு காதுல மட்டும்தான் கேக்குது." "மச்சி, பாட்டு நல்லா இருக்கு, மீட்டிங்ல மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு." "மச்சி, நான் பேசுறது அவளுக்குக் கேக்கலையாம்." (கடைசி கேஸில் போன் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம் :))

நான் போனைத் திறந்து பார்த்ததே கிடையாது. எனக்குக் கைகொடுப்பது பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் திட்டிக்கொண்டே படித்த வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்தான். நம்முடைய ரொக்க ஏட்டில் ஒரு இருப்பு, வங்கியின் செல்லேட்டில் வேறொரு இருப்பு. உடனே "காசாளர் அடிச்சுட்டான்" என்று யாரும் கத்துவதில்லை. போட்ட காசோலை வசூலாகவில்லையா, வங்கி எடுத்த கட்டணத்தை நாம் எழுதவில்லையா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருகிறோம். கடைசியில் பணம் எங்கேயும் போகவில்லை, வேறு வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். சத்தமும் அப்படித்தான்.

ஆப்பில் பிறக்கும் சத்தம் போனுக்குள் வந்து, ஸ்பீக்கர், வயர், புளூடூத் என்ற மூன்று வழிகளில் ஒன்றைப் பிடித்து நம் காதுக்கு வருகிறது. எந்த இடம் வரை ஒழுங்காக வந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. "சத்தம் ஏன் வரவில்லை?" என்ற கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வி: "சத்தம் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது?"

இந்தக் கேள்வியின் அருமையை எனக்குக் காட்டியது என் வகுப்புத் தோழன் ஒருவனின் போன். அவனுக்குப் பார்வை கிடையாது. போனில் டாக்பேக் வைத்திருக்கிறான். திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வாசித்துச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். பாடக் குறிப்பு, பேருந்து நேரம், கூகுள் பே இருப்பு எல்லாமே அவனுக்குக் காது வழியாகத்தான். நமக்குச் சத்தம் போனால் பாட்டு போகும். அவனுக்குச் சத்தம் போனால் திரையே போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அது போய்விட்டது. செவ்வாய்க்கிழமை நிறுமச் சட்டம் செமஸ்டர் தேர்வு. குறிப்புகள் மொத்தமும் போனில். தேர்வெழுதித் தர வருபவரிடம் பேச வேண்டியதும் அதே போனில். கல்லூரிக்கு எதிரே ஒரு கடையில் காட்டியிருக்கிறான். கடைக்காரர் பாட்டைப் போட்டுப் பார்த்தார், வால்யூமை ஏற்றிப் பார்த்தார், சத்தம் இல்லை. டாக்பேக் ஓடும் போனில் ஒரு தட்டுக்கு எதுவும் திறக்காது என்பதால் அவருக்கு எரிச்சல் வேறு. "ஸ்பீக்கர் ஐசி போயிருக்கு, போர்டைத் திறக்கணும். 2,500 ரூபா ஆகும், லாக்கை எடுத்துட்டு ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

போனைக் கொடுக்காமல் என்னிடம் வந்தான். சைலன்ட்டை எடுத்துவிட்டு என் நம்பரிலிருந்து கூப்பிட்டேன். ரிங்டோன் கணீரென்று வந்தது. அப்படியென்றால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது, அதை ஓட்டும் ஐசியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஒரு விஷயம்: புளூடூத் இணைப்பில் இருக்கும்போது பாட்டும் பேச்சும் அங்கே போய்விடும், ஆனால் ரிங்டோனும் அலாரமும் போனின் ஸ்பீக்கரிலும் ஒலிக்கும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் தோள்பையைத் தூக்கிக் காதில் வைத்தான்.

"டேய், பைக்குள்ள யாரோ பேசுறாங்கடா!"

இயர்பட்ஸ் பெட்டியின் மூடி புத்தக நெரிசலில் கொஞ்சம் திறந்திருந்தது. மூடி திறந்தால் இயர்பட்ஸ் தானாகவே போனோடு இணைந்துவிடும். கடைக்காரர் தட்டியபோதெல்லாம் போன் ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பைக்குள்ளே. திரையின் மேலே இருக்கும் சின்ன ஐகானைப் பார்த்து நாம் இதைப் பிடித்துவிடுவோம். ஐகானை வாசித்துச் சொல்ல வேண்டிய குரலே பைக்குள் இருந்தால் அவன் எப்படிப் பிடிப்பான்? கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை, கூட்டம் நிறைய. ஆனால் கண்ணுள்ளவர் அவர்தானே?

சரி, இனி கேஸ் வாரியாகப் பார்ப்போம்.

புளூடூத் இணைய மறுக்கிறதா? முதல் தடவை பேரிங் செய்யும்போது போனும் இயர்பட்ஸும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி எழுதி வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை இரண்டு ஏடும் ஒத்துப்போனால்தான் இணைப்பு. இயர்பட்ஸை மட்டும் ரீசெட் செய்தால் அதன் ஏட்டில் அடித்தாகிவிட்டது, போனின் ஏட்டில் பழைய வரி அப்படியே நிற்கிறது. எத்தனை முறை ஆன், ஆஃப் செய்தாலும் ஒத்துவராது. போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்குங்கள், இயர்பட்ஸையும் அதன் கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்யுங்கள், பிறகு புதிதாகப் பேரிங். அதற்கும் மசியவில்லை என்றால்தான் நெட்வொர்க் செட்டிங் ரீசெட். அது வைஃபை பாஸ்வேர்டுகளையும் சேர்த்து அழித்துவிடும், ஹாஸ்டல் வாசிகள் கவனம்.

வீட்டில் மட்டும் இணையவில்லையா? ஹாலில் இருக்கும் அம்மாவின் போனை ஒரு தடவை பாருங்கள். போன தீபாவளிக்கு அதில் ஒரு முறை இணைத்திருப்பீர்கள். மூடியைத் திறந்ததும் இயர்பட்ஸ் அங்கே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு தரப்பையும் ஒத்துப்போக வைக்கும் வேலைக்குத்தான் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹெரால்டு புளூடூத்தின் பெயரை வைத்தார்கள். சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்று பெயர் வாங்கியவர். எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஐந்தும் 1998-இல் கூட்டணி போட்டபோது சூட்டிக்கொண்ட பெயர். நம்மூராக இருந்தால் பஞ்சாயத்துத் தலைவர் பெயர் வைத்திருப்போம்.

பாட்டு நன்றாக இருக்கிறது, மீட்டிங்கில் கிணறு. பெரும்பாலும் இது கோளாறே இல்லை. வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு வேறொரு பாதை. பாட்டுக்கான ஏ2டிபி ஒருவழிப் பாதை, நொடிக்கு 44,100 மாதிரிகள் தாராளமாகப் போகும். மைக்கைத் திறந்த நொடியே இருவழிப் பாதைக்கு மாறியாக வேண்டும். அங்கே நொடிக்கு 16,000 மாதிரிகள், பழைய கருவி என்றால் 8,000 மட்டும். தரம் குறையத்தான் செய்யும். லேப்டாப்பில் இன்டர்வியூ என்றால் கேட்பதற்கு இயர்பட்ஸையும் பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். போனில் என்றால் வயர் இயர்போன்தான் உத்தமம். 2020-இல் அறிவிக்கப்பட்ட எல்ஈ ஆடியோவில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருக்க வேண்டும். பிளேஸ்மென்ட் நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டவன் பிழைத்தான்.

நடக்கும்போது விட்டு விட்டுக் கேட்கிறதா? புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. அதனால் புளூடூத் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். நெரிசலான சேனலை ஒதுக்கிவிட்டுத் தாவும் புத்தி 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் அதனால் எளிதில் தாண்ட முடியாத ஒரு சுவர் நம் உடம்பு. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். போனைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். பத்தில் பாதிப் பேருக்கு வைத்தியம் இதோடு முடிந்தது.

ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? அணுகல்தன்மை செட்டிங்கில் இடது வலது சமநிலைக் கோடு ஒன்று உண்டு. கை பட்டு ஒரு ஓரத்துக்குப் போயிருந்தால் மற்றக் காது ஊமை. அது நடுவில்தான் இருக்கிறது என்றால் இயர்பட்ஸின் வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா, பெட்டிக்குள் சார்ஜ் ஏறும் புள்ளிகளில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும்.

வயர் இயர்போனில் எஸ்.பி.பி. குரல் காணாமல் போய் வயலின் மட்டும் கேட்கிறதா? எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ் இது. பாடகரின் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள். பிளக் முழுசாக இறங்காமல் கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போனால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். சமமாக இருந்த குரல், பற்றும் வரவும் போல ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். போனின் கவரைக் கழற்றிவிட்டுப் பிளக்கை அழுத்திச் செருகுங்கள். தடித்த கவரும் ஓட்டைக்குள் இருக்கும் பஞ்சும்தான் வழக்கமான வில்லன்கள். பஞ்சை மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லையா? வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் போட்டுப் பாருங்கள், பிறகு ஸ்பீக்கர் போனில் வைத்துப் பேசுங்கள். ஒன்றில் கேட்டு இன்னொன்றில் கேட்காவிட்டால் பல போன்களில் அது கீழ் மைக் ஓட்டையின் அடைப்பு. தயவுசெய்து சிம் எடுக்கும் ஊசியை அதில் விடாதீர்கள். சிம் ஓட்டை வேறு, மைக் ஓட்டை வேறு. அதைக் குத்தினால் அப்புறம் நிஜமாகவே கடைதான்.

கடைக்குப் போக வேண்டிய கேஸ்களும் உண்டு. ரீஸ்டார்ட் செய்த பிறகும், புளூடூத்தை அணைத்த பிறகும் ரிங்டோன், அலாரம், பாட்டு எதுவுமே ஸ்பீக்கரில் வராவிட்டால், அல்லது தண்ணீரில் விழுந்த பிறகு கரகரவென்று கேட்டால் அது உள்ளே உள்ள வியாதி. சாம்சங் போன் என்றால் டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் பல மாடல்களில் சோதனைப் பக்கம் திறக்கும், ஸ்பீக்கரைத் தனியாகச் சோதிக்கலாம். கடையில் "சத்தம் வரலை" என்று மட்டும் சொல்லாமல் "ரிங்டோன் வருது, பாட்டு வரலை" என்று சொல்லுங்கள். எதையெல்லாம் டிக் அடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் 2,500 ரூபாய் என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வராது.

என் சரிக்கட்டும் பட்டியலால் தீர்க்க முடியாத கணக்கும் ஒன்று இருக்கிறது. புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர, இயர்பட்ஸைப் பொறுத்து, 100 முதல் 300 மில்லி நொடி வரை தாமதமாகும். வீடியோ பார்க்கும்போது ஆப் படத்தையும் கொஞ்சம் தாமதித்து நமக்குத் தெரியாமல் சமாளித்துவிடும். டாக்பேக்கில் விரலைத் தாமதிக்க முடியாதே! அதோடு, சிறிது நேரம் சத்தமில்லாமல் இருந்தால் சில இயர்பட்ஸ் தூங்கிவிடும். குரல் வந்த பிறகு எழுந்திருக்கும், அதற்குள் முதல் அசை போய்விடும். பாட்டில் அது யாருக்கும் தெரியாது. பணம் அனுப்பும் பக்கத்தில் "இருநூறு" என்பதில் முதல் அசை போனால் "நூறு".

அதனால் அவன் பையில் இப்போதும் வயர் இயர்போன் ஒன்று இருக்கிறது. சத்தம் எங்கேயாவது ஓடிப்போனால் அதைச் செருகுவான், கடைசியாக இணைத்த கருவிக்குப் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும். அடுத்த போன் வாங்கும்போது கேமராவைப் பற்றி அவன் கேட்க மாட்டான், 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா என்றுதான் கேட்பான். 2016-இல் ஐபோன் 7 அந்த ஓட்டையை எடுத்ததிலிருந்து பலரும் எடுத்துக்கொண்டே வருகிறார்கள். போன் மெலிந்தால் நமக்கு அழகு, அவனுக்கு ஒரு மாற்று வழி குறைகிறது.

முதல் அசையை விழுங்காத, தாமதம் குறைந்த இயர்பட்ஸ் எதையாவது டாக்பேக்கோடு பயன்படுத்திப் பார்த்தவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நான் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, அவனே படித்துக்கொள்வான்.