பெயரில் மிஞ்சிய பெடல்

ராயக்கோட்டையில், அந்த வீட்டுத் திண்ணையோரம் பல வருடங்களாகச் சாக்கு போர்த்தி நின்றது பழைய டி.வி.எஸ். 50. "ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரர் வர்றார்ப்பா. இதைப் போட்டுடலாம்" என்றார் மகன். பெரியவர் பதில் பேசவில்லை.

அன்று மாலை, ஒன்பதாம் வகுப்புப் பேத்தி ஆங்கில நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு சொல்லை எழுதி, அதன் வேரையும் சொல்ல வேண்டுமாம்.

"தாத்தா, மொபெட்னா என்ன தெரியுமா?"

"நம்ம வண்டிதான் கண்ணு."

"மோட்டார்ல இருந்து மோ, பெடல்ல இருந்து பெட். ஸ்வீடன் நாட்டுல 1952-ல வந்த பேராம்!"

மோட்டார் என்றால் லத்தீனில் 'நகர்த்துவது'. பெடலின் வேர், காலடியைக் குறிக்கும் லத்தீன் சொல். சமஸ்கிருதம் வழியே நமக்கு வந்த 'பாதம்' அதற்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஆக, மொபெட்டில் பாதி மோட்டார், மீதி பாதம்.

"இந்தியாவுல ரெண்டு பேர் உட்காருற முதல் மொபெட் இதுதான் தாத்தா. 1980-ல நம்ம ஓசூர்ல செஞ்சது. இப்போ வர்ற எக்ஸ்.எல். 100-ல பெடலே இல்ல. ஆனாலும் மொபெட்னுதான் சொல்றாங்க."

பெரியவர் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உங்க அப்பாவுக்கு அப்போ மூணு வயசு. ராத்திரியில அனலா காய்ச்சல். பாட்டி அவனை மடியில வெச்சுக்கிட்டு பின்னாடி உட்கார்ந்தா. ஓசூருக்குப் போற வழியில பெட்ரோல் தீர்ந்துபோச்சு. மோட்டார் நின்னுடுச்சு. பெடல் இருந்துச்சே! மிதிச்சேன். மேடு வந்தா பாட்டி இறங்கி, புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா. விடியறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் மகன். இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"எவ்வளவு தூரம்ப்பா மிதிச்சீங்க?"

"அதையெல்லாம் யாருப்பா கணக்கு பார்த்தா?"

மகன் சாக்கை விலக்கினார். பெடலைக் காலால் மெல்ல அழுத்தினார். துருப்பிடித்த செயின் கிறீச்சிட்டது, ஆனாலும் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை காயலான் கடைக்காரர் வந்தார். "பழைய தகரம், ஓட்டை டிரம் எல்லாம் எடுத்துக்கோங்கண்ணா. வண்டி மட்டும் வேண்டாம்" என்றார் மகன்.