முள் ஆடுதா? தாமல்ல ஓரங்கட்டுங்க!

சென்னையிலிருந்து பெங்களூர் ரோட்டில் போகிறவர்களுக்கு வெள்ளைகேட் தெரியும், பாலுச்செட்டிசத்திரம் தெரியும். அதற்கடுத்து வரும் தாமலை எண்பதில் தாண்டிவிட்டு, 'ஏதோ ஏரி வந்துச்சுல்ல?' என்று வாலாஜாவில் கேட்பார்கள். அந்த 'ஏதோ ஏரி' காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து நிரம்பினால் குட்டிக் கடல்!

இந்த ஊரை நின்று பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள்தான். காரணம் இருக்கிறது. கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிபுரம். காந்தி ரோட்டில் முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு ஆட்டோ, நடுவில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்கிற உங்கள் கார். அங்கே காற்று தானாக வராது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால்தான் உண்டு. அடுத்து ஹைவே. அங்கே எதிர்க்காற்று இலவசம். ஆனால் எஞ்சினுக்கு வேலை அதிகம். டவுனில் ஏறி ஹைவேயில் இறங்கினால் ஃபேனையோ, அதன் ரிலே, ஃபியூஸையோ சந்தேகப்படுங்கள். டவுனில் சாதுவாக இருந்துவிட்டு ஹைவேயில் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம், வாட்டர் பம்ப் சோம்பலாக இருக்கலாம். பைசா செலவில்லாமல் பாதி வைத்தியம் முடிந்தது.

ஆனால் ஏறவும் செய்யாமல், இறங்கவும் செய்யாமல் முள் ஆடுகிறதே, அதுதான் ஆளைக் கொல்கிற சமாசாரம்.

நண்பருடைய பழைய மாருதி 800-இல் போனபோது தாமலுக்குக் கொஞ்சம் முன்னால் முள் சடாரென்று சிவப்புக்குப் போனது. இரண்டு நொடியில் நடுவுக்கு வந்தது. மறுபடி சிவப்பு! பின்சீட்டில் நண்பரின் அம்மா கந்தசஷ்டி கவசமே ஆரம்பித்துவிட்டார். நண்பருக்கு ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'ஹெட்டை இறக்கணும் சார், பத்தாயிரம் ஆகும்' என்று சொல்லியிருந்தார்கள். ரோட்டோரக் கடை மெக்கானிக் வந்தார். முள்ளைத்தான் முதலில் பார்த்தார், எஞ்சினை அல்ல.

"ஏன் சார் பயப்படுறீங்க? அடுப்புல வெச்ச தண்ணி ரெண்டு செகண்ட்ல கொதிச்சு, ரெண்டு செகண்ட்ல ஆறுமா?"

அட, ஆறாதே! எஞ்சினைச் சுற்றும் லிட்டர் கணக்கான தண்ணீர் அந்த வேகத்தில் சூடாகவும் முடியாது, குளிரவும் முடியாது. அப்படிக் குதிக்கிற முள் சொல்வது சூட்டை அல்ல, கரென்ட்டை. சென்ஸாருக்குப் போகிற ஒற்றை ஒயரில் தோல் உரிந்து, குலுங்கும்போதெல்லாம் எஞ்சின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. இரும்பைத் தொட்டால் முள் சிவப்பு. கனெக்‌ஷன் விட்டுப்போனால் நேர்மாறாகக் கீழே விழும். இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, நூறு ரூபாய், முள் சமர்த்தாக நின்றுவிட்டது. பத்தாயிரம் எங்கே, நூறு எங்கே! (பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: பெட்ரோல் முள்ளும் கூடச் சேர்ந்து ஆடினால், இரண்டு முள்ளுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைஸரைப் பாருங்கள்.)

நிதானமாக, ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கினால் அது வேறு கதை. அங்கே நிஜமாகவே சூடு ஏறி இறங்குகிறது. எஞ்சின் 80, 90 டிகிரியைத் தொடும்போது தெர்மோஸ்டாட்டில் இருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்க வேண்டும். அது மக்கர் செய்தால் திறக்க நேரமாகும், முள் ஏறும். திடீரென்று திறக்கும், முள் சரியும். குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டாலும் இதே ஆட்டம்தான். இதற்கு ஒரு சோதனை: ஹீட்டரை முழுசாகத் திறங்கள். முள் மேலே, காற்றோ ஜில்லென்று வருகிறது என்றால் தண்ணீர் குறைவு அல்லது உள்ளே காற்று. சூடாக வந்தால், வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை, அப்படியே விடுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உங்கள் மடிக்கு வரும். முள்ளே இல்லாமல் விளக்கு மட்டும் வைத்த புதுக் கார்கள் நிறைய வந்துவிட்டன. அதில் சிவப்பு எரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியே அழுத்தம் போய், அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறக்கிற சாமர்த்தியமும் வேண்டாம்.

இவ்வளவு பெரிய ஏரி பக்கத்தில் இருக்க, ஒரு குடம் மொண்டு ஊற்றலாமே? அந்தக் காலத்து லாரிக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் விட்டால் ஹெட் விரிசல் விடலாம். ஆறிய பிறகு ஊற்றினாலும் உப்பும் சேறும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். வேறு வழியே இல்லையென்றால் ஆறியபின் ஊற்றி மெதுவாக ஊர்போய்ச் சேருங்கள். பிறகு கழுவிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து நிரப்புங்கள்.

ஒழுகலே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா? ஆயில் மூடியில் பால் காபி மாதிரி நுரையா? அப்போதுதான் ஹெட் கேஸ்கெட். காஞ்சிபுரத்துப் புடவையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்வையில் கோத்துவிடுவார்கள். அந்தக் கோர்வை விட்டுப்போனால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். ஓட்டாதீர்கள், கட்டி இழுங்கள். பத்தாயிரத்துக்குத் தயாராகலாம்.

எஞ்சின் ஆற எப்படியும் அரை மணிக்கு மேல் ஆகும். காலை, மாலை என்றால் ஊருக்குள் நடந்து தாமோதரப் பெருமாளைப் பார்த்துவிட்டு வரலாம். வெண்ணெய் திருடியவனை யசோதை வயிற்றில் கயிறு போட்டுக் கட்டினாளே, அந்தப் பேர்தான். ஊரின் பேரே அவரால்தான் என்பார்கள். பக்கத்திலேயே வராகீஸ்வரர் கோயிலும் உண்டு. உச்சிவேளை என்றால் நடை சாத்தியிருக்கும். டீ குடியுங்கள், ஏரியைப் பாருங்கள். ஆனால் போகும்போது கார்ச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மச்சான் யாராவது 'மூடியைத் திறந்து பார்க்கட்டா மாமா?' என்று கிளம்பிவிடுவான்!