நீங்க என்ன ஆளுக?

1993இல் மதுரையில் படிக்கும்போது ரூம் தேடி அலைந்தேன். வாடகை எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்டுவிடுவார்கள்: 'தம்பி, நீங்க என்ன ஆளுக?' சொன்ன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். 'யோசிச்சுச் சொல்றோம்.' ஏழாவது வீட்டில் வேற சாதியைச் சொன்னேன். ரூம் கிடைத்தது. எங்க தெருப் பேச்சு வாயில் வந்துவிடக் கூடாதே என்று ஐந்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஒருநாள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் அரிசிப் பையோடு வந்து நின்றாள். என் பொய்யை நான் அவளிடம் சொல்லி வைக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்று வீட்டுக்காரம்மா கேட்க, அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்று ராத்திரியே பெட்டி, பாய், புத்தகம் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டது. அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய் வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். 'நான் வந்திருக்கக் கூடாதுப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

1917இல் பரோடாவில், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியிருந்த அம்பேத்கரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியதைப் பிறகுதான் படித்தேன். கொலம்பியாவில் படித்து வந்தவருக்கே அந்தக் கதி. எனக்கும் அன்றைக்குச் சட்டம் இருந்தது. அதிகாரியின் உத்தரவில்லாமல் வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றது 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், எந்தச் சாதியைச் சொல்லி அங்கே போய் நிற்பது?

இப்போது அதே மதுரையில் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறேன். மாடியில் ஒரு ரூம் சும்மா கிடந்தது. வாடகைக்கு என்று போர்டு மாட்டினோம். வந்தவர்கள் ரூமைப் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள். கீழே கூடத்தில் அம்பேத்கர் படத்தைப் பார்த்ததும் 'போன்ல சொல்றோம் சார்'. மூன்று குடும்பம் அப்படிப் போனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நாலாவதாக ஒரு பையன் வந்தான். மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. அம்மா கேட்டாள்: 'நீங்க என்ன ஆளுக தம்பி?'

'அருந்ததியருங்கம்மா. உள்ள படம் இருந்துச்சு, அதான் தைரியமாக் கேட்டேன்.'

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன். 'யோசிச்சுச் சொல்றேன் தம்பி' என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அந்த நடையை எனக்குத் தெரியும். ஏழு வீட்டு வாசலில் நான் நடந்த நடை அது. ராத்திரி அம்மாவிடம் பஸ் ஸ்டாண்டை ஞாபகப்படுத்தினேன். ரொம்ப நேரம் கழித்து, 'கூப்பிடு அந்தப் புள்ளைய' என்றாள்.

2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம். வாடகை 4,500, அட்வான்ஸ் மூன்று மாதம், 13,500. தண்ணியையோ கரண்டையோ நான் நிறுத்த முடியாது. சாவி என்னிடம் இருந்தாலும் எழுத்தில் 24 மணி நேரம் முன்னால் சொல்லாமல் அவன் ரூமுக்குள் போக முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அதெல்லாம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவனுக்கு. தீண்டாமையால் ஒருவரைக் குடியிருக்கவிடாமல் தடுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்பதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பது? அதைச் சொன்னது நானாக இருந்தால்?

கையெழுத்துப் போடும் முன்னால் பையன் தயங்கிக் கேட்டான்: 'அண்ணே, எங்கம்மா வந்தா ரெண்டு நாள் தங்கிக்கலாமா?'

எனக்கு முன்னால் அம்மாதான் பதில் சொன்னாள். 'அதென்ன கேள்வி? வரச் சொல்லுய்யா.'